அஞ்சு கை வச்ச தாழ்ப்பா

ஒரே ஒரு ஊராம். அந்த ஊருக்கு ஒரு ராசாவாம். அவருக்கும் பக்கத்து நாட்டு ராசாவுக்கும் சண்டையாம். எதுக்குச் சண்டைன்னு கேக்காதீங்க, சண்டை போட்டவங்களுக்கே அது மறந்து போச்சு. வருசம் மூணாச்சு, சண்டை மட்டும் ஓயல.

சண்டைக்குப் போறவனுக்குச் சோறு வேணும்ல? அந்த நெல்லு ஊர்க் களஞ்சியத்துல இருந்துச்சு. அதுக்கு ஒரு மரத்தாழ்ப்பா, யானைத் தும்பிக்கை தண்டி. ஊர்ச்சபையில அஞ்சு பெரிய மனுசங்க. அஞ்சு பேரும் சேர்ந்து கை வச்சாத்தான் அதைத் திறக்கலாம், ஒரு கை குறைஞ்சாலும் திறக்கப்படாது, ராசாவே வந்து நின்னாலும் திறக்கப்படாது. அதுதான் அந்த ஊருக் கட்டு. இன்னொண்ணும் உண்டு. கை வைக்கிறதுக்கு முன்னால, சண்டைக்குப் பிள்ளையை அனுப்பின ஒரு தாயி வந்து தாழ்ப்பாளுக்கு மஞ்சள் பூசணும்.

அப்படிப் பூச வந்தவதான் வெள்ளத்தாயி. மூணு பிள்ளை பெத்தவ, மூணையும் சண்டைக்கு அனுப்பினவ.

மொதத் தடவை அவ வந்தப்பவே மூத்தவன் செத்த சேதி வந்திருந்துச்சு. அழுதுக்கிட்டே பூசினா. பூசிட்டு, "ஐயா, நெல்லு போனாத்தான சண்டை நடக்கும்? ஒரே ஒருத்தர் கையை எடுங்க, எனக்கு ரெண்டு பேராச்சும் மிஞ்சுவாங்க"ன்னு கேட்டா. பாதியில விட்டா ஊரு மானம் போயிரும்னு அஞ்சு பேரும் சொன்னாங்க. சொல்லிட்டுக் கை வச்சாங்க, கதவு திறந்துச்சு, நெல்லு போச்சு.

ரெண்டாந் தடவை வந்தப்ப நடுவுலவனும் இல்ல. அதே மஞ்சளு, அதே கேள்வி. இப்ப விட்டா செத்தவங்க செத்தது வீணாயிரும் தாயின்னாங்க. அதுக்கு அவ, "செத்தது எம்புள்ளைங்க. வீணா இல்லையான்னு நாந்தான சொல்லணும்"னா. அஞ்சு பேரும் கை வச்சாங்க, கதவு திறந்துச்சு, நெல்லு போச்சு.

மூணாந் தடவைக்கு உள்ளே கிடந்தது விதைநெல்லு மட்டும். அதையும் தின்னுட்டா அடுத்த வருசம் மண்ணையா திங்கிறது? உங்களுக்கே தெரியுது, அந்தப் பெரிய மனுசங்களுக்குத் தெரியல பாருங்க. வெள்ளத்தாயி முந்தின நாளே குத்தாலம்கிறவரு வீட்டுக்கு ஓடினா. அஞ்சு பேருல கொஞ்சம் ஈரமுள்ள மனுசன் அவருதான். எனக்குக் கடைசிப் பய இசக்கிமுத்து ஒருத்தன்தான் இருக்கான்னு காலைப் பிடிச்சுக் கதறினா. அவரும் கூடச் சேர்ந்து அழுதாரு.

"நாளைக்கு எங் கை அந்தத் தாழ்ப்பாளுல படாது. வீட்டுக்குப் போயி ஒரு வாய் கஞ்சி குடி தாயி"ன்னாரு. அவளும் நம்பிப் போயி, ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒரு வாய் குடிச்சா.

மறுநாள் மஞ்சளைத் தொடவே மாட்டேன்னுட்டா. பூசலன்னா திறக்கமாட்டாங்கன்னு நினைச்சா, பாவி மக. சபைத்தலைவருக்குக் கோவம்கூட வரல. "ஊர்ல வேற தாயே இல்லையா?"ன்னாரு. நேத்துத்தான் பிள்ளையை அனுப்பின ஒருத்தி, தம் பிள்ளைக்கு நல்லது நடக்கும்னு நம்பி, வந்து பூசிட்டுப் போனா. நாலு கை தாழ்ப்பாமேல விழுந்துச்சு. எல்லாரும் குத்தாலத்தைப் பார்த்தாங்க. அதட்டல, மிரட்டல.

"என்ன குத்தாலம், அந்த நாட்டு ஆளா நீரு?"ன்னு ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே கேட்டாரு, அம்புட்டுத்தான்.

குத்தாலம் வெள்ளத்தாயி பக்கம் திரும்பவே இல்ல. கண்ணுல தண்ணி ஓட ஓடக் கையை வச்சாரு. அழுதுக்கிட்டு வச்சாலும் கை கைதான? கதவு திறந்துச்சு, விதைநெல்லும் போச்சு.

அந்த நெல்லு தீரவும் ரெண்டு ராசாவுக்கும் சண்டை அலுத்துப் போச்சு. வெத்தலை மாத்திக்கிட்டாங்க, என் மகனுக்கு உன் மகள்னு சம்பந்தம் பேசிக்கிட்டாங்க. அதுக்கு மூணு நாள் முந்தித்தான் இசக்கிமுத்து செத்திருந்தான். மூணே நாள்.

அந்த வருசம் பாத்து நல்ல மழை. குளம் நெறஞ்சுச்சு, வயலு காத்துக் கிடந்துச்சு, விதைக்க ஒரு மணி இல்ல. ராசா வீட்டுக் கல்யாணத்துல இலை போட்டாங்க, சோறு வரல. சம்பந்தி வெறும் இலையையே பாத்துக்கிட்டு இருந்துட்டு எழுந்து போயிட்டாரு, கல்யாணமும் நின்னுபோச்சு. சபைக்காரங்க அஞ்சு பேரும் ஒரு படி விதை கிடைக்குமான்னு வீடு வீடா அலைஞ்சாங்க. கடைசியா வெள்ளத்தாயி வாசல்ல வந்து நின்னாங்க. தாழ்ப்பாமேல வச்ச அதே கையை நீட்டிக்கிட்டு நின்னாங்க.

அவ ஏசல, மண்ணை வாரித் தூத்தல. "எங்கிட்ட இருந்தது மூணே விதை. மூணையும் நீங்கதான வாங்கிட்டுப் போனீங்க"ன்னா. சொல்லிட்டுக் கதவைச் சாத்திக்கிட்டா.

அந்த அஞ்சு பேரும் அந்தப் பஞ்சத்துல தப்பல. அவ தப்பிச்சாளான்னு கேட்டா, உங்ககிட்டப் பொய் சொல்லமாட்டேன், அவளும் தப்பல.

ஏன் மொகத்தைத் தூக்கி வச்சிருக்கீங்க? ஒரு கையை எடுத்திருந்தாப் போதுமேங்கிறீங்களா? அதைத்தான் அவளும் தடவைக்குத் தடவை கேட்டா.

கதையும் தீர்ந்துச்சு, களஞ்சியமும் காலி.