கருடவீரன் மாறவே இல்லை!

மருதமங்கலத்து ராஜா உதயமாறனுக்கு நாடகப் பைத்தியம். அதிலும் கருடவீரன் நாடகம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். தங்க மூக்கு வைத்த முகமூடி, முதுகில் சிவப்புப் பட்டு. கோபுரத்து உச்சியில் கட்டிய கயிற்றில் சறுக்கி, ஜனங்களின் தலைக்கு மேலே பறந்து வந்து அசுரனை உதைப்பான் கருடவீரன். ஆண்டுக்கு ஒரு பாகம். எட்டாம் பாகம் வந்தும் அசுரன் செத்தபாடில்லை. அவன் செத்தால் அடுத்த பாகம் ஏது?

முகமூடிக்குள் இருந்தவன் அழகாத்திரி. ஒன்பது பாகம் முடியும்வரை வேறு மேடை ஏறக் கூடாது, வேறு வேஷம் கட்டக் கூடாது, தொந்தி விழக் கூடாது, ராஜா கேட்கும்போதெல்லாம் பறந்து காட்ட வேண்டும் என்று அவனிடம் ஒப்பந்த ஓலை எழுதி வாங்கியிருந்தார் நாடகசாலை அதிகாரி வல்லபராயர். அவன் செய்யக் கூடாதவை ஓலை நிறைய இருந்தன. ராயர் செய்யக் கூடாதது என்று ஒரு வரி கிடையாது.

எட்டாம் பாகம் பாதி நடக்கும்போது பழைய கயிறு அறுந்தது. அழகாத்திரியின் கால் முறிந்தது. அவனை வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள்; ராயர் அன்றோடு சம்பளத்தையும் நிறுத்திவிட்டார். மறுநாள் மாலையே ராயரின் மருமகன் சிங்காரம் முகமூடியோடு மேடைக்கு வந்தான். இந்தக் கருடவீரன் பறக்கவில்லை. நடந்து வந்து உதைத்தான்.

"ஆள் மாறிட்டான்யா" என்று சந்தையில் பேச்சு கிளம்பியது. ராயர் அரண்மனைக்கு ஓடினார். "பொறாமைக்காரர்கள் வதந்தி கிளப்புகிறார்கள் மகாராஜா" என்று மூக்கால் அழுது, ஆணை ஒன்றுக்கு முத்திரை வாங்கி வந்தார். ஊரெல்லாம் தண்டோரா: "கருடவீரன் வேஷம் கட்டுபவர் அன்றும் இன்றும் அழகாத்திரியே! ஆள் மாறியதாகச் சொல்பவருக்குக் கசையடி!"

அரசவையில் விகடம் பேசும் தத்தைக்கு அதைக் கேட்டபோதே பற்றிக்கொண்டு வந்தது. ஆளைத் தூக்கி எறிவார்களாம், அவன் பேரை மட்டும் வைத்துக்கொள்வார்களாம்! இருக்கட்டும், நேரம் வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

நேரம் வந்தது. அழகாத்திரியை எமதர்மன் வேஷத்தோடு காவலர்கள் அவைக்கு இழுத்து வந்தார்கள். பக்கத்து ஊர்த் திருவிழாவில் நடித்தானாம்.

"வீட்டில் அடுப்பு எரியவில்லை தத்தையம்மா" என்றான் அவன் மெதுவாக. "எமன் என்றால் நடக்க வேண்டாம், எருமை மேலேயே உட்கார்ந்திருக்கலாம். அதனால்தான் ஒத்துக்கொண்டேன்."

வல்லபராயர் ஓலையை உயர்த்திப் பிடித்தார். "ஒப்பந்தத்தை மீறிவிட்டான் மகாராஜா! ஒன்பதாம் பாகம் முடியும்வரை இவன் சிறையில் கிடக்கட்டும்."

"ஒன்பதாம் பாகம் எழுதியாகிவிட்டதா ராயரே?" என்று கேட்டாள் தத்தை.

"யோசித்துக்கொண்டிருக்கிறோம்."

"நன்றாக யோசியுங்கள். ஒரு சின்னச் சந்தேகம். இப்போது முகமூடிக்குள் இருப்பது யார்?"

ராயர் வாயைத் திறந்தார். சுவரோரம் கசையோடு நின்ற சேவகன் கண்ணில் பட்டான். வாயை மூடிக்கொண்டார்.

"சொல்லுங்கள், வெட்கப்படாதீர்கள்."

"அழகாத்திரி" என்றார் ராயர், பல்லுக்கிடையே.

"அப்படியானால் இந்தக் கால் ஒடிந்த எமன் யார்?"

அவையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ராஜா மீசையைத் தடவினார். "ஆமாம் ராயரே, இவன் யார்?"

"இவன்... இவனும்..."

"ஊருக்கு ஒரே அழகாத்திரிதான் மகாராஜா. ஆணை சொல்கிறது, ராயரும் சொல்கிறார். இவர் யாரோ ஒரு வழிப்போக்கர். இவருக்கும் ஒப்பந்தத்துக்கும் என்ன சம்பந்தம்? ஓலை கட்டுப்படுத்துவது முகமூடிக்குள் இருப்பவரைத்தானே? அவரைக் கூப்பிடுங்கள். ராஜா கேட்டால் பறந்து காட்ட வேண்டும் என்று ஓலையில் இருக்கிறதே, கோபுரத்திலிருந்து ஒரு தடவை பறக்கட்டும். பார்த்துவிட்டுப் போகிறோம்!"

"பறக்கட்டும்!" என்றார் ராஜா.

முகமூடியும் பட்டுமாகச் சிங்காரத்தைக் கோபுர வாசலுக்குக் கூட்டிப்போனார்கள். அவை முழுக்கப் பின்னாலேயே வந்தது. அவன் அண்ணாந்து உச்சியைப் பார்த்தான். கயிற்றைப் பார்த்தான். முகமூடியைப் பிய்த்துத் தரையில் வீசினான்.

"மாமா! என்னால ஆகாது மாமா! நான் அழகாத்திரி இல்லை! உங்க பொண்ணு தாலி அறுந்தா உங்களுக்குப் பரவாயில்லையா?"

தத்தை ராயர் பக்கம் திரும்பினாள். "இப்போது சொல்லுங்கள். ஆள் மாறவில்லை என்றால் ஒப்பந்தம் உங்கள் மருமகன் தலையில், அவர் ஏறித்தான் ஆக வேண்டும். ஆள் மாறிவிட்டது என்றால் அழகாத்திரியை நீங்களே அனுப்பிவிட்டீர்கள். அனுப்பியவனை எந்த முகத்தோடு சிறையில் போடச் சொல்கிறீர்கள்? கால் உடைந்தபோது வேண்டாதவன், பிழைக்கப் போனபோது மட்டும் உங்கள் ஆளா? இரண்டில் எது ராயரே?"

ராயர் ஓலையை மெல்ல முதுகுக்குப் பின்னால் மறைத்தார். ராஜா ஓலையைப் பிடுங்கி இரண்டாகக் கிழித்தார். "அழகாத்திரி, எந்த மேடையில் வேண்டுமானாலும் ஏறு. உன் கால் குணமாகும்வரை வைத்தியமும் சாப்பாடும் ராயர் வீட்டில்." எமதர்மன் விசும்பினான்; முகத்துச் சாயம் கோடு கோடாக வழிந்தது.

"சரி, ஆணை என்று ஒன்று இருக்கிறதே" என்றார் ராஜா. "ஆள் மாறியது என்று வாய் திறந்து சொன்னவன் இந்தச் சிங்காரம். கசையடி இவனுக்குத்தானே?"

"வேண்டாம் மகாராஜா, பிறகு ஊரையே வரிசையில் நிறுத்தி அடிக்க வேண்டிவரும். பறக்க வேண்டிய வீரன் மேடைப் படியில் மூச்சு வாங்கினால் தெரியாதா? எல்லாருக்கும் முதல் நாளே தெரியும். 'பாவம், ராஜா இன்னும் கண்டுபிடிக்கவில்லை, அவர் மனசு நோக வேண்டாம்' என்றுதான் சும்மா இருக்கிறார்கள்."

பக்கத்தில் நின்றவர்கள் இரண்டடி பின்வாங்கினார்கள். இப்படியா பட்டென்று சொல்வது! ராஜா தத்தையை முறைத்தார். தொண்டையைச் செருமினார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அடிப் பெண்ணே! எனக்கும் முதல் நாளே தெரியும். 'பாவம், ஜனங்கள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை, அவர்கள் மனசு நோக வேண்டாம்' என்று நானல்லவா சும்மா இருந்தேன்!"