பேச்சியக்காள் சொன்ன பட்டப் பெயர்

தேர்வு மையத்து வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் சொன்ன கதை இது. அவருக்கு அவர் மச்சான் சொன்னாராம். "ராஜா காலத்தில் கைபேசி ஏதுங்க?" என்று நடுவில் கேட்டேன். "கதையைக் கேளுங்க, கணக்குக் கேட்காதீங்க" என்றார்.

மருதங்காட்டு மன்னர் திண்தோள் மாறனுக்கு ஓர் அரசாங்க இணையதளம் இருந்தது. அமைச்சர் அம்பலத்தரையர் செய்தது. அதில் மன்னரின் முழு உருவமும் அதன்மேல் எழுதிய பட்டப் பெயர்களும் ஒரே படம், பொத்தான்களும் படம். கைபேசியில் திறந்தால் மன்னரின் மீசை மட்டும் தெரியும். விண்ணப்பப் பொத்தானைத் தேடி விரல் தேய வேண்டும்.

கோட்டை வாசலில் சுக்குக் காப்பி விற்கும் பேச்சியக்காளுக்குக் கண் தெரியாது. திரையில் இருப்பதைக் கைபேசிதான் வாசித்துச் சொல்லும். அந்தத் தளத்தில் அதற்கு வாசிக்க எழுத்தே இல்லை. கடை உரிமம் புதுப்பிக்க அன்று கடைசி நாள். தவறினால் கடை போய்விடும். நேரே சபைக்கு வந்துவிட்டாள்.

"தளத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். இதுவரை ஒரு புகார்கூட வந்ததில்லை" என்றார் அமைச்சர்.

"புகார்ப் பொத்தானும் படம்தானாம் சாமி. எதை அமுக்கறது?"

சபையில் வேடிக்கை பேசும் சாத்தையன் எழுந்தான். "அரசே, நேரில் முறையிடவும் வழி இருக்கிறது. தளத்தில் உள்ளபடி தங்கள் பட்டப் பெயரை எழுத்துப் பிசகாமல் சொல்லிவிட்டு முறையிடலாம். அமைச்சர் போட்ட சட்டம்தான்."

"சொல்லட்டுமே!" மன்னர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பேச்சியக்காள் தயங்கினாள். "கோபப்படுவாங்களே, ஐயா."

"கைபேசி வாசித்துக் காதில் விழுந்ததைச் சொல்லு, அக்கா. என் தலை பொறுப்பு" என்றான் சாத்தையன்.

அவள் தொண்டையைச் செருமினாள். "ராஜா அண்டர்ஸ்கோர் தொப்பை நீக்கியது அண்டர்ஸ்கோர் ஃபைனல் டூ டாட் ஜேபிஜி வாழ்க!"

சேனாதிபதி சால்வையைக் கடித்துக்கொண்டார்.

"யாரங்கே! இவளைப் பிடி!" மன்னர் வாளை உருவினார்.

"எழுத்துப் பிசகவில்லை, அரசே." சாத்தையன் அவள் கைபேசியை உயர்த்திப் பிடித்தான். அது அதே பெயரைச் சபை அதிர வாசித்தது. "படத்தைச் சேமித்தபோது அமைச்சர் வைத்த பெயர். நாட்டில் கண் தெரியாதவர்கள் எல்லோருக்கும் தங்கள் திருநாமம் இதுதான்."

மன்னர் தன் வயிற்றைப் பார்த்தார். அமைச்சரைப் பார்த்தார். "ஓய், எப்போது நீக்கினீர்?"

"படத்தில் மட்டும்தான், அரசே..."

மன்னருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நீக்காத தொப்பை குலுங்கியது. "இவளுக்கு உரிமம் இப்போதே கொடுங்கள். சாத்தையா, உனக்கு என்ன வேண்டும்?"

"தளம் எல்லோருக்கும் விளங்கும்வரை, அமைச்சருக்கும் ஒரு பட்டப் பெயர் வேண்டும், அரசே."

"கொடுத்தோம்! அமைச்சர் அண்டர்ஸ்கோர் ஃபைனல் டூ அவர்களே, போய் வேலையைப் பாரும்!"

பொழுது சாய்வதற்குள் தளம் சரியாகிவிட்டதாம்.

மற்றதெல்லாம் எனக்குத் தெரியாது. ஒன்றை மட்டும் பிறகு சரிபார்த்தேன். விளக்கம் எழுதாமல் விட்ட படத்துக்கு, திரை வாசிக்கும் செயலிகள் சில நேரம் கோப்பின் பெயரைத்தான் வாசிக்கின்றன.