செவ்வாய்க்கிழமைத் தண்ணீர்

"ஆறு வாரத்துல மூணு எழுத்து, தாயி" என்றார் மாடக்கண்ணு. "இந்த லெச்சணத்துல போனா நான் என்னைக்கு வாசிக்கது?"

குன்றின் மேல் குடிலில் இருந்த அம்மைக்கு வயது முப்பதுகூட இராது. மாடக்கண்ணுவுக்கு ஐம்பத்திரண்டு. ஆனாலும் அவருக்கு அவள் குரு, தாயி. அவளுக்கு அவர் அண்ணாச்சி.

மாடக்கண்ணு பெரியகுளத்தின் நீர்பாய்ச்சி. ஏழு ஊருக்கு ஏழு கிழமை என்று முறை வைத்து மடை திறப்பவர். ஐப்பசி முதல் நாள் அந்த முறைப்பட்டியலை ஊர் கூட்டி வாசிப்பார்கள். வாசிப்பது கணக்கப்பிள்ளை. பக்கத்தில் மடைச் சாவியோடு வாயை மூடிக்கொண்டு நிற்பது மாடக்கண்ணு.

போன வருஷம் கணக்கப்பிள்ளைக்கு நாக்கு சும்மா இருக்கவில்லை. "கைநாட்டுக்கு இதெல்லாம் புரியுமாவே?" என்று கேட்டுவிட்டார். ஊரே சிரித்தது.

"வார வருசம் நான் வாசிக்கேன்!" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார் மாடக்கண்ணு.

இன்னும் எட்டே வாரம். தமிழில் எழுத்து மொத்தம் எத்தனை என்று யாரோ சொல்லப்போய், அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"திட்டம் ஏதும் போட்டீரா?" என்றாள் அம்மை.

"போடாம? சுவத்துல கரிக்கோடு ஏழு. கிழமைக்கு ஒரு எழுத்து. மத்தியானம் சாப்ட்ட கையோட படிக்கணும்னு."

"போன திங்கக்கிழமை?"

"மச்சினன் மாடு பாக்கக் கூப்ட்டான். போனேன்."

"செவ்வாய்?"

"ரெண்டு வீட்டுச் சண்டை. நான் போனாத்தான் தீரும்னாவ."

"புதன்?"

"பந்தல் போட ஆள் காணாதுன்னாவ."

"வியாழன்?"

மாடக்கண்ணு தலையைச் சொறிந்தார். வியாழக்கிழமை எங்கே போனதென்று அவருக்கே தெரியவில்லை.

அம்மை சரிவுக்குக் கீழே வாய்க்காலோரம் இருந்த தன் தோட்டத்தைப் பார்த்தாள்.

"கொய்யாக் கன்னெல்லாம் வாடுது, அண்ணாச்சி. தண்ணியைக் கொஞ்சம் நம்ம பக்கம் திருப்பி விடும்."

"இன்னைக்குச் செவ்வாய், தாயி. புதூருக்கு உள்ள தண்ணி. நமக்குச் சனிக்கிழமை."

"ஒரு நாழிகைதான்."

"அந்த ஒரு நாழிகை போனா அவுக கடைசி வயலுக்கு எட்டாது."

"புதூர்க்காரங்களுக்குத் தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியுமே."

அம்மை எழுந்து நின்று கையை நீட்டினாள். "நான் உம்ம குரு கேக்கேன். கொடும் சாவியை."

மாடக்கண்ணுவுக்கு வேர்த்துவிட்டது. குருவைப் பகைத்துக்கொண்டால் அப்புறம் யார் எழுத்துச் சொல்லித் தருவார்கள்? கணக்கப்பிள்ளையின் சிரிப்பு இப்போதே காதில் கேட்டது. கை இடுப்புக்குப் போனது. சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"முடியாது."

சொன்ன பிறகுதான் அவருக்கே ரத்தம் சூடேறியது.

"பதினெட்டு வருசம், தாயி! பண்ணையாரு ஆள் விட்டுப் பாத்தாரு. தாசில்தாரு ஜீப்புல வந்து நின்னாரு. எங்கூடப் பொறந்த அண்ணன், வயலு காயுதுன்னு கால்ல விழுந்தான். நான் அழுதுட்டேன். ஆனா மடையைத் தொறக்கல. செவ்வாய்க்கிழமைத் தண்ணி செவ்வாய்க்கிழமைக்காரனுக்குத்தான். என் கையில சாவி இருந்த நாள்ல கடைமடை காஞ்சதுன்னு ஒருத்தன் சொல்லட்டும் பாப்போம்! நீங்க என்னைக் குன்றை விட்டே எறக்கினாலும் சரி!"

நெஞ்சு நிமிர்ந்திருந்தது. குரல் குன்றுக்கு அந்தப் பக்கமும் கேட்டிருக்கும். அந்த நேரத்தில் பார்க்க அழகாகத்தான் இருந்தார் மனுஷன்.

அம்மை இரண்டு கையையும் கூப்பி அவரைக் கும்பிட்டாள்.

மாடக்கண்ணு பதறிப்போனார். "என்ன தாயி இது?"

அவள் சிலேட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போய், குடிக்க வைத்திருந்த தண்ணீரைக் கன்றுகளுக்கு ஊற்ற ஆரம்பித்தாள்.

மாடக்கண்ணு சிலேட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

குன்றின் அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவருடைய சம்பந்தி.

"ஓய் மாடக்கண்ணு! வண்டி காத்துக் கெடக்கு. டவுன் வரைக்கும் சும்மா ஒரு எட்டு போய்ட்டு வந்துருவோம், வாரும்!"

வழக்கம்போல "இந்தா வாரேன்" என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். பாதி எழுந்தும் விட்டார்.

எழுந்தவர், வீட்டுச் சுவரின் ஏழு கரிக்கோடும் நினைவுக்கு வர, அப்படியே நின்றார்.

முகத்தில் ரத்தம் ஏறியது. வெட்கம்தான். கொஞ்ச நேரத்தில் அது ரோஷமாக மாறியது.

"இன்னைக்கு உம்ம முறை இல்ல, வே!" என்று கத்தினார், மடையின் மேல் நின்று கத்துகிற அதே குரலில். "ஞாயித்துக்கிழமை வாரும்!"

கீழே வண்டி நகர்ந்து போகும் சத்தம் கேட்டது.

மாடக்கண்ணு சம்மணம் போட்டு உட்கார்ந்து, சிலேட்டைத் துண்டால் துடைத்தார்.

"தாயி, நாலாவது எழுத்தைச் சொல்லுங்க."