வேகவைத்த சேறு

சற்குணத்துக்கு நாற்பத்தொன்பது வயது. இருபது வருஷம் சாயப்பட்டறையில் கிடந்துவிட்டு, போதும்டா சாமி என்று தண்ணீர்ச் சோதனைக்கூடத்தில் தொழில் கற்க வந்தவர். அவருக்குக் குரு மெஹருன்னிசா. குரு அவரைவிடப் பதின்மூன்று வயது சின்னவர். இருந்தால் என்ன, சற்குணம் அவர் பேச்சை ஒருநாளும் தட்டியதில்லை.

அன்றைக்கு, சற்குணம் முதன்முதலாகத் தனியாகச் செய்த சோதனையின் அறிக்கை குருவின் மேஜைக்கு வந்தது. ஒரு சலவை ஆலை புதிதாக ஒரு ரசாயன மருந்து வாங்கியிருந்தது. அது இருபத்தெட்டு நாளில் மக்கிவிடும் என்று அறிக்கை போனால், திங்கட்கிழமை ஆலைக் கழிவை ஊர் ஏரியில் திறந்துவிடுவார்கள். மக்காது என்றால் முடியாது. பாதி ஊர் அந்த ஏரி மீனைத்தான் குழம்பு வைக்கிறது. ஆலை மேனேஜர் வாசல் நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெஹருன்னிசா அறிக்கையைப் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

எத்தனை பாட்டில் வைத்தீர்கள் என்று கேட்டார். ஆறு என்றார் சற்குணம். அறிக்கையில் ஐந்துதானே இருக்கிறது என்றார் மெஹருன்னிசா.

சற்குணம் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஐந்து பாட்டிலிலும் மருந்து கலந்த தண்ணீரோடு கழிவுநீர் நிலையத்துச் சேறு. அதிலுள்ள கிருமிகள் மருந்தைத் தின்கின்றனவா என்று பார்க்க. ஆறாவது, ஒப்பிட்டுப் பார்க்க. அதில் சேற்றை வேகவைத்து, கிருமிகளைக் கொன்றுவிட்டுத்தான் மருந்தை ஊற்றினார். தின்ன ஆளில்லாததால் அதில் மருந்து அப்படியே இருக்க வேண்டும். ஆனால் கடைசி நாளில் அந்தப் பாட்டில் தண்ணீரிலும் மருந்து இல்லை. சேறு சரியாக வேகவில்லை போலிருக்கிறது, கெட்டுப்போன பாட்டில் என்று ஒதுக்கிவிட்டார்.

பாவம், மனுஷர் பொய் சொல்லவில்லை. வம்பே அதுதான், தாமும் அதை நம்பிவிட்டார்.

மெஹருன்னிசா அவருடைய நோட்டை எடுத்துப் புரட்டினார். ஆறாவது பாட்டிலில் முதல் நாள் ஆக்சிஜன் எட்டு. கடைசி நாளும் எட்டு. சற்குணத்தின் கையெழுத்துதான். உயிரோடு ஏதாவது மிச்சம் இருந்திருந்தால் இத்தனை நாளில் மூச்சுவிட்டுக் குறைத்திருக்குமே என்றார்.

சற்குணத்துக்குக் காது சூடேறியது. கொஞ்சம் கோபமும் வந்தது.

"எந்தப் பாட்டில் தண்ணியிலயும் ஒரு சொட்டு மருந்து இல்லையே மேடம். மக்கிப் போச்சுன்னுதானே அர்த்தம்?"

மெஹருன்னிசா அலமாரியிலிருந்து ஆறாவது பாட்டிலை எடுத்தார். மேலே நின்ற தெளிந்த தண்ணீரை மெதுவாக ஒரு பீக்கரில் இறுத்தார். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குக் கறுப்புச் சேறு மிஞ்சியது. பாட்டிலைச் சற்குணத்தின் முன்னால் வைத்தார்.

மேனேஜர் கதவைத் திறந்து தலையை நீட்டினார். கையெழுத்து ஆயிற்றா என்று கேட்டார்.

மெஹருன்னிசா அவர் பக்கம் திரும்பவில்லை.

"இதுல இருந்ததையெல்லாம் நீங்கதான் கொன்னீங்க சார். அப்புறம் மருந்தை யார் சாப்பிட்டது?"

சற்குணம் அந்தச் சேற்றையே பார்த்தபடி நின்றார். தண்ணீரை மட்டும்தான் சோதித்திருந்தார்; மருந்து மக்காமல் சேற்றில் ஒட்டிக்கொண்டு அப்படியே கிடக்கிறது. மேனேஜர் இன்னொரு தடவை கேட்டார். சற்குணம் மேஜையிலிருந்த அறிக்கையைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.