நாலு பத்து வண்டி

குருவுக்கு வயது முப்பத்தொன்று, சீடருக்கு ஐம்பத்தொன்பது. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் ஆங்கில இலக்கணம் நடத்தி ஓய்வு பெற்ற பால்துரை, பேருந்து நிலைய மாடியில் ஆவுடைச்செல்வி நடத்தும் ஆங்கிலப் பேச்சு வகுப்பில் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். ஊர் சிரித்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அவர் சும்மா போகவில்லை. மகள் ஷைனி அயர்லாந்தில் நர்ஸ். அவள் ஆங்கிலத்தில் அனுப்பும் ஒவ்வொரு சேதியையும் இவர் திருத்தித் திருப்பி அனுப்புவார். இரண்டு மாதமாக அவளிடமிருந்து ஒரு வரி இல்லை. மனுஷருக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் வகுப்பு முடிந்ததும் கேட்டே விட்டார்.

"டீச்சர், 'மீ அண்ட் ரோஸ்'னு தொடங்கி எழுதுதா என் மக. 'ரோஸ் அண்ட் ஐ'னுதானே எழுதணும்? புஸ்தகம் சரியா, அவ சரியா?"

"அந்த ஊர்ல எப்படிப் பேசுறாங்களாம்?"

"எல்லாரும் அப்படித்தான் பேசுறாங்கன்னு சொன்னா. ஊரே பேசினாலும் தப்பு தப்புதானே?"

"கீழ வாங்க சார்."

டைம்கீப்பர் சுடலைமுத்துவின் அறைக்கு அழைத்துப் போனாள். சுவரில் கால அட்டவணை, மேஜையில் ஒரு நோட்டு. ராஜபாளையம் வண்டி அப்போதுதான் உள்ளே திரும்பியது.

பால்துரை அட்டவணையைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பழக்கம் விடுமா?

"நாலு பத்துக்கு வரணும். பதினஞ்சு நிமிஷம் லேட்."

சுடலைமுத்து நோட்டில் 'நாலு இருபத்தஞ்சு' என்று எழுதினார். பக்கத்துக் கட்டத்திலும் ஏதோ கிறுக்கினார்.

"அது என்ன அண்ணாச்சி?"

"காரணம் சார். பள்ளிக்கூடம் விடுற நேரம், பிள்ளைக ஏறி முடியணும்லா? ஆறு மாசமா இதே கதைதான். மேல எழுதி அனுப்பியிருக்கேன். அடுத்த அட்டவணையில நாலு இருபத்தஞ்சுன்னே போட்டுருவாங்க."

"அப்போ இந்த அட்டவணை எதுக்கு? கிழிச்சுப் போட வேண்டியதுதானே?"

"ஐயையோ! அதைப் பார்த்துத்தானே சார் சனம் வீட்டை விட்டுக் கிளம்புது!"

ஆவுடைச்செல்வி பால்துரையைப் பார்த்தாள். "உங்க மக கடைசியா என்ன எழுதினாங்க சார்?"

"அதான் சொன்னேனே, 'மீ அண்ட் ரோஸ்'. அப்புறம் ஒரு இடத்துல முற்றுப்புள்ளி இல்ல."

"அது அட்டவணையைப் பார்த்துச் சொல்றது. நோட்டுல எழுதுற மாதிரி, அவங்க சொன்னது என்ன?"

பால்துரை செல்போனை எடுத்துத் தேடினார்.

நானும் கூட வேலை பார்க்கிற ரோஸும் கடல் பார்க்கப் போனோம், இங்கே வந்த பிறகு இன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரித்தேன் என்று எழுதியிருந்தாள். அதன் கீழே இவருடைய திருத்தம் இருந்தது.

நோட்டு, மேஜை எல்லாம் கலங்கித் தெரிந்தன.

"சிரிச்சிருக்கா டீச்சர். நான் இதைப் படிக்கவே இல்ல."

ராஜபாளையம் வண்டி கிளம்பிப் போனது. பால்துரை கண்ணைத் துடைத்துக்கொண்டு, செல்போனில் விரலை வைத்தபடி நின்றார்.

"இப்ப எந்த இங்கிலீஷ்ல எழுத?"

"எதுக்குச் சிரிச்சாங்கன்னு கேளுங்க சார்."