நீர்யானை ஏன் படகைக் கவிழ்க்கிறது

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் சிஸ்டர் எமிலியானா. ஆப்பிரிக்காவில் நர்ஸாக இருந்துவிட்டு எங்கள் தேவாலயப் பங்குக்கு வந்திருந்தார். என் மூத்தவன் கல்லூரியில் சேர்ந்த வருடம் அது.

முன்னொரு காலத்தில் விலங்குகள் மனிதரோடு பேசும். ராணி லெம்பாவின் நாட்டில் ஓடிய பெரிய ஆற்றுக்கு நீர்யானைதான் காவல். புல் தின்கிற சாதுவான பிராணி. படகு வந்தால் ஒதுங்கி வழிவிடும். ராணியின் தங்கை கியேசே அதன் முதுகில் ஏறித்தான் அக்கரைத் தோட்டத்துக்குப் போவாள். "அண்ணன் இளைத்துப் போய்விட்டார், உட்கார இடமே இல்லை" என்று அதைக் கேலி செய்வாள்.

ஒரு நாள் கடல் பக்கமிருந்து வெள்ளைக்காரர்களின் படகுகள் வந்தன. எல்லாம் காலி. தந்தம் வாங்க வந்தோம் என்றார்கள். கழுத்தில் சிலுவை தொங்கியதாம். ஜெபமாலை பிடிக்கிற எனக்கு அதுதான் இன்றுவரை பொறுக்கவில்லை. படகுக்குள் கிடந்த சங்கிலி எதற்கு என்று நீர்யானை கேட்டது. நங்கூரத்துக்கு என்றார்கள். அது நம்பி வழிவிட்டது.

படகுகள் திரும்பியபோது தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த அத்தனை பேரும் அவற்றில் இருந்தார்கள். கியேசேயும் இருந்தாள். ராணியும் படையும் கரையோடு ஓடி வந்தார்கள். ஈட்டி எறிந்தால் சொந்த ஜனங்கள்மேல் படும். கவிழ்த்துவிடு என்று வீரர்கள் கத்தினார்கள். நீர்யானை கியேசே இருந்த படகுக்கு அடியில் தலையைக் கொடுத்தது.

மேலிருந்து கியேசே சொன்னாள்: "வேண்டாம் அண்ணா. எல்லோரையும் ஒரே சங்கிலியில் கட்டியிருக்கிறார்கள். மொத்தமாக மூழ்கிவிடுவோம்."

அது தலையை எடுத்துக்கொண்டது. படகுகள் கடலுக்குப் போய்விட்டன.

ராணி அழவில்லை. "வரும்போது காலியாகத்தானே வந்தன?" என்று மட்டும் கேட்டாள். அத்தோடு நீர்யானையின் பேச்சே நின்றுபோனது.

அடுத்த மழைக்கு அவர்கள் மறுபடி வந்தார்கள், பட்டுத்துணியைத் தூக்கிக் காட்டிக்கொண்டு. நீர்யானை எதுவும் கேட்கவில்லை. அடியிலிருந்து எழும்பி ஒவ்வொரு படகாகக் கவிழ்த்தது. நீந்திக் கரையேறியவர்களை ராணியின் ஈட்டிப்படை பார்த்துக்கொண்டது. ஒருவனும் ஊர் திரும்பவில்லை. கொலை பாவம், எனக்குத் தெரியும். ஆனாலும் சிஸ்டர் இதைச் சொன்னபோது, நன்றாக வேண்டும் என்று என் வாயில் வந்துவிட்டது.

அன்று முதல்தான் நீர்யானை எந்தப் படகைக் கண்டாலும், யார் நீ, எதற்கு வந்தாய் என்று கேட்காமலே கவிழ்க்கிறது.

உங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது ஒன்று செய்யுங்கள். படகில் அடிமைகள் போனார்கள் என்று சொல்லாதீர்கள். கியேசே போனாள் என்று சொல்லுங்கள்.