திட்டிவாசலில் வாங்கிய காசு

அந்தக் காலத்தில் கருவேலங்கோட்டை என்று ஒரு ராச்சியம் இருந்ததாம். அதைக் கொற்றவேள் என்ற அரசன் ஆண்டானாம். நல்லவன்தான், ஆனால் காலையில் ஒன்று சொல்வான், மாலையில் வேறொன்று சொல்வான். அவனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மந்திரி அறவாழியார். அவரைக் கண்டாலே வயிறு எரிகிற மனிதர் ஒருவரும் சபையில் இருந்தார். அவர்தான் வரி அதிகாரி பூதநாதர்.

கோட்டைக்கு ஒரே பெரிய கதவு. அந்தக் கதவுக்குள்ளேயே, குனிந்தால் மட்டும் நுழையலாம் என்கிற அளவில் ஒரு சின்னக் கதவு. அதற்குத் திட்டிவாசல் என்று பேர். வண்டிச் சரக்குக்குப் பெரிய கதவில் சுங்கம் உண்டு. திட்டிவாசலில் போகிற வருகிற சனங்களிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை.

ஒருநாள் அரசனுக்கு ஊஞ்சல் மண்டபத்துக்குப் பொன் தகடு வேய ஆசை வந்தது. திட்டிவாசலிலும் தலைக்கு ஒரு காசு வாங்கலாமே என்றார் பூதநாதர். சனங்கள் முணுமுணுப்பார்களே என்று அரசன் தயங்கினான். அதற்கும் மனிதர் வழி வைத்திருந்தார். சுங்கம் என்று சொன்னால்தானே முணுமுணுப்பு? பாட்டன்மார் காலத்தில் சுங்கத்துக்கு உல்கு என்று பேர். அந்தப் பேரைச் சொல்லி வாங்கினால் ஏதோ ஆதிநாள் வழக்கம் போலத் தெரியும் என்றார். அரசனுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. பேர் பழசானால் பிடுங்கல் நியாயமாகிவிடுமா? ஆனால் அதை அரசனிடம் யார் சொல்வது?

அறவாழியார் சொன்னார். குயவர் தெரு வெளியே இருக்கிறது, மருத்துவச்சி உள்ளே இருக்கிறாள், ஏழைபாழைகள் நடக்கிற வாசல் அது, வேண்டாம் என்றார். அரசனுக்கு முகம் கறுத்துவிட்டது.

"தவறென்றால் என் கண்ணுக்குக் காட்டும். ஆணையை ஒருவரும் மீறாமல் காட்ட வேண்டும். வருகிற அமாவாசைக்குள் முடியாவிட்டால், மந்திரி முத்திரையைப் பூதநாதரிடம் கொடுத்துவிடும்."

அறவாழியார் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: ஆணையில் யாருக்கும் விலக்கு இருக்கக் கூடாது. பூதநாதருக்கு வாயெல்லாம் பல். யார் வந்தாலும் காசு உண்டு, காசில்லாமல் விடுகிற காவலனுக்குக் கை போகும் என்று தாமே சேர்த்து முரசறைவித்தார்.

அந்த அமாவாசைக்குச் சூரிய கிரகணம். கிரகணம் பிடித்தால் பெரிய கதவைச் சாத்திவிடுவார்கள், விட்ட பிறகுதான் திறப்பார்கள். பிடிக்கிற நேரத்தில் அரசன் நகையெல்லாம் கழற்றிவைத்து ஆற்றில் முழுகி, ஈரத்துணியோடு திட்டிவாசல் வழியாகக் கோயிலுக்கு வரவேண்டும். அந்தக் குலத்து வழக்கம் அது. ஆணை போட்ட அன்றைக்கு அறவாழியாருக்கு இது நினைவிருந்தது, மற்ற இருவருக்கும் இல்லை.

அன்றைக்கு அவர் திட்டிவாசலுக்கு உள்பக்கம் போய் நின்றுகொண்டார். மடியில் ஒரு காசு. அரசன் திணறும்போது அதை நீட்டி, எல்லாரும் சிரிக்கும்படி ஒரு வார்த்தை சொல்வதாக ஏற்பாடு. அந்த வார்த்தையை மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

வெயில் மங்கிற்று. அரசனும் அவனோடு கூடவே முழுகிய பூதநாதரும் சொட்டச் சொட்ட வந்தார்கள். காவலன் இருளப்பன் ஈட்டியைக் குறுக்கே வைத்து உல்கு கேட்டான். அரசன் இடுப்பைத் தடவினான். ஈரத்துணியில் என்ன இருக்கும்? பூதநாதர் அதட்டினார்.

"கை போகும்னு முரசறைஞ்சது நீங்கதானே சாமி," என்றான் காவலன்.

ஊரே பார்த்துக்கொண்டு நிற்கிறது. சொன்ன சொல்லை அந்த இடத்தில் விழுங்க அரசனுக்கு மனசு வரவில்லை. அறவாழியார் மடியில் கை வைத்தார்.

அதற்குள் வெளியே ஒரு களிமண் கை முந்திக்கொண்டது. ஓட்டமாக வந்து சேர்ந்த குயவன் சடையன், ராசா ஈரத்தோடு நிற்கக் கூடாது என்று காவலனிடம் தன் காசைக் கொடுத்துவிட்டான்.

அரசன் குனிந்து உள்ளே வந்தான். நிமிர்ந்து திரும்பிப் பார்த்தால் சடையன் இன்னும் அங்கேயே நிற்கிறான். ஏன் நிற்கிறாய் என்று கேட்டான்.

"வீட்டுக்காரிக்கு வலி கண்டிருக்குங்க. கிரகணத்துல அவளை வெளிய தூக்கிட்டு வரக்கூடாது. மருத்துவச்சியம்மா வெளிய வர்றதுக்குத்தான் அந்தக் காசு. முன்னமே வாசல்ல நின்னு அவங்களைக் கூப்பிட்டுட்டுக் காசெடுக்க ஓடினேன், அதோ நிக்கிறாங்களே."

அறவாழியார் திரும்பினார். அவர் தோளுக்குப் பக்கத்திலேயே, மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மருத்துவச்சி நின்றுகொண்டிருந்தாள். எப்போதிலிருந்து நிற்கிறாளோ! அவருக்கு உடம்பு கூசிப்போயிற்று.

அரசன் ஈட்டியைப் பிடுங்கி எறிந்தான்.

"போ தாயே. இந்த ஆணை இத்தோடு ஒழிந்தது."

அவள் குனிந்து வெளியேறி ஓடினாள், சடையன் பின்னாலேயே ஓடினான். அடுத்து பூதநாதர் குனிந்து நுழையப் பார்த்தார். அரசன் தடுத்தான். ஆணை இருந்தபோது அவர் காசு கட்டவில்லை, அதனால் கிரகணம் விடுகிறவரை வெளியிலேயே நிற்கட்டும் என்றான். அதற்குப் பிறகு திட்டிவாசலைத் திறந்துவிடுகிற வேலையும் அவருக்கே வந்து சேர்ந்தது.

கிரகணம் விடுவதற்கு முன்பே தகவல் வந்தது. பெண் குழந்தை, தாயும் சுகம். அரசன் கோயில் தூணில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"நீரே ஜெயித்தீர் மந்திரியாரே. முத்திரை உம்மிடமே இருக்கட்டும். வாசலில் என்னிடம் என்ன சொல்ல நினைத்திருந்தீர்?"

அறவாழியார் மடியிலிருந்த காசை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"நான் ஜெயிக்கவில்லை மன்னா. அவள் பக்கத்தில் நின்றாள், என் மடியில் காசும் இருந்தது. நான் என் வார்த்தையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்."

அரசன் அதற்குமேல் கேட்கவில்லை. மண்டபத்துக்கு வைத்திருந்த பொன்னில் குயவர் தெருவில் ஒரு மருத்துவச்சிக்கு வீடு கட்டிக் குடிவைத்தார்கள். உல்கு என்ற பேச்சை அந்த ஊரில் அப்புறம் யாரும் எடுக்கவில்லை. அறவாழியார் சொல்ல நினைத்த வார்த்தை என்னவென்று கடைசிவரை யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.